கிளுவை வேலியைப் பிடுங்க வேண்டாம், பொத்தலை அடைத்தால் போதும்

எங்கள் கொரங்காட்டின் தெற்குப் பக்கம் 400 அடிக்குக் கல்காலும் முள்கம்பியும் நிற்கிறது. 2013இல் நான்தான் நட வைத்தேன். அதற்கு முன்னால் அங்கே இருந்தது என் மாமனாரின் அப்பா காலத்துக் கிளுவை வேலி, கிளுவை என்ற முள்மரத்தை நெருக்கி நட்டு வளர்த்த உயிர்வேலி. பொக்லைன் இரண்டரை மணி நேரத்தில் அதை வழித்துத் தள்ளிவிட்டது. அந்த 400 அடியைத் திரும்ப உயிர்வேலியாக்க நான் 2016இல் ஆரம்பித்தேன், இன்னும் முடிந்தபாடில்லை. உயிர்வேலியைக் காப்பாற்றுவது எப்படி என்று எழுத எனக்கு இருக்கும் தகுதி இதுதான், ஒரு வேலியைக் கெடுத்தவள்.

வெளியூர்க்காரர்களுக்குக் கொரங்காடு என்றால் தெரியாது. மூலனூர், வெள்ளகோவில், தாராபுரம், காங்கேயம், கரூர்ப் பக்கங்களில் மேய்ச்சலுக்கென்றே விட்டுவைத்திருக்கும் சொந்தப் பட்டா நிலம் அது. தரையில் கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் முள்கிளுவை வேலி. எங்களுடையது 9 ஏக்கர். வருடத்துக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையோடு சரி. மீதி மாதங்களில் காங்கேயம் மாட்டுக்கும் மயிலம்பாடி ஆட்டுக்கும் இந்தக் காடுதான் கதி. காலையில் படலைத் திறந்து உள்ளே ஓட்டிவிட்டு நாம் வேறு வேலைக்குப் போகலாம். பின்னாலேயே கோல் பிடித்துக்கொண்டு ஆள் நிற்க வேண்டாம், வேலி பார்த்துக்கொள்ளும்.

பிறகு ஏன் பிடுங்கினேன்? நான் திருப்பூரில் வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு வேலி என்றாலே கொடியும் முள்ளும் ஓணானும் சேர்ந்த ஒரு குப்பை. ஒருநாள் இரண்டு ஆடுகள் ஒரு பொத்தல் வழியாக நுழைந்து பக்கத்துத் தோட்டத்துச் சோளத்தில் வாய் வைத்துவிட்டன. பெரிய சத்தம். ‘கம்பி போட்டுவிட்டால் ஒரே செலவோடு முடிந்தது’ என்று நான் சொல்ல, வீட்டுக்காரரும் தலையாட்டினார். மாமா, அதாவது என் மாமனார் மட்டும் திண்ணையில் உட்கார்ந்தபடி, “ஒரு பொத்தலுக்கு ஒரு போத்து நட்டாப் போதுமே, அம்மிணி” என்றார். போத்து என்றால் நடுவதற்கு வெட்டிய கிளுவைத் தண்டு. நான் கேட்கவில்லை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. முப்பதாயிரம் ரூபாய் செலவு.

ஆடு வெளியே போகவில்லை, அது உண்மை. ஆனால் நாய் உள்ளே வந்தது. கிளுவை வேலி அடியில் நெருக்கமாக இருக்கும், நாய் மூக்கை நுழைத்தாலே முள் குத்தும். கம்பிக்கு அடியில் பள்ளம் பறித்துக்கொண்டு வர நாய்க்கு ஐந்து நிமிடம் போதும். வெள்ளகோவில், காங்கேயம் பக்கம் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வது எவ்வளவு பெரிய தலைவலி என்று ஆடு வைத்திருக்கிறவர்களைக் கேளுங்கள். எனக்கு 2015இல் ஒரே ராத்திரியில் நான்கு குட்டிகள் போயின. அப்புறம் ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் பக்கம் காற்றாலையையே சுற்றுகிறது, மண்ணை விட்டுவைக்குமா? தெற்கு ஓரத்துப் புல்லெல்லாம் புழுதி மூடிக் கிடந்தது. கௌதாரி மூன்று பக்கத்திலிருந்து கத்தும், தெற்கே மட்டும் சத்தமே இருக்காது. அந்த மௌனத்தைக் காது கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது.

முதல் வேலை: கையில் எதையும் எடுக்காமல் ஒரு சுற்று

கொடுவாளை வீட்டில் வைத்துவிட்டு வேலியைச் சுற்றி நடங்கள். வருடத்தில் இரண்டு தடவை நடக்க வேண்டும். பங்குனியில் கிளுவை இலையெல்லாம் கொட்டி எலும்பாக நிற்கும். எங்கே பொத்தல், எங்கே பட்டுப்போன தூர், எங்கே பழைய கூடு என்று எல்லாமே தெரியும். கார்த்திகையில் நடந்தால் என்னென்ன கொடி ஏறியிருக்கிறது, எது பூக்கிறது என்று தெரியும். ஒரு தடவை மட்டும் நடக்கிறவர்கள் பாதி வேலியைத்தான் பார்க்கிறார்கள்.

நான் கையில் பனியன் வேஸ்ட் துணி ஒரு பை எடுத்துப் போவேன். திருப்பூரில் பிறந்ததால் கிடைத்த ஒரே லாபம் அது. பொத்தல் இருக்கும் இடத்தில் சிவப்புத் துணி. கூடு, பொந்து, கொம்புத்தேன் அடை இருக்கும் இடத்தில் வெள்ளைத் துணி. சிவப்பு கட்டிய இடத்தில் வேலை, வெள்ளை கட்டிய இடத்தில் இரண்டு பக்கமும் ஆறேழு அடிக்குக் கை வைக்கக் கூடாது. கூலிக்கு வருகிறவர்களிடம் பெரிய பிரசங்கம் எதுவும் பண்ண வேண்டியதில்லை, துணி நிறத்தைச் சொன்னால் போதும்.

பொத்தலை அளக்கும்போது ஆட்டை மட்டும் மனதில் வைக்காதீர்கள். ஒரு முயலோ கீரியோ நுழையும் அளவுக்குக் கீழே சின்னச் சந்துகள் இருக்கத்தான் வேண்டும், அவற்றை அடைக்கக் கூடாது. ஆட்டுக்குட்டி தலை நுழையும் சந்துதான் கணக்கு. மேல்பக்கம் இதற்கு நேர்மாறு, தொடர்ச்சி அறுந்துபோகக் கூடாது. எங்களுக்குக் கிழக்கே கடவூர் மலைப்பக்கம் தேவாங்குக்கென்று 2022இல் சரணாலயம் அறிவித்தார்கள், 11,806 ஹெக்டேர். தேவாங்கு தாவாது. ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த கிளைக்குக் கை நீட்டும். அந்தப் பக்கத்துக்காரர்கள் வேலியில் பத்தடிக்கு ஒரு இடைவெளி விட்டால் அதற்கு அங்கே பாதை முடிந்துவிடும். எங்கள் காட்டில் தேவாங்கு இல்லை. ஆனால் ஓணானுக்கும் தவிட்டுக்குருவிக்கும்கூட வெட்டவெளியைத் தாண்டுவது என்றால் மேலே வல்லூறு இருக்கிறதா என்று பார்த்துத்தான் தாண்ட வேண்டும்.

வெட்டுவது: ஒரு வருடத்துக்கு ஒரு பக்கம்

கிளுவையை வெட்டாமலே விட்டால் மேலே மரமாகும், அடி காலியாகும். ஆகவே வெட்டத்தான் வேண்டும். எப்போது, எவ்வளவு என்பதில்தான் எல்லாரும் தப்பு செய்கிறோம்.

தை கடைசியிலிருந்து மாசி முடிய வெட்டுங்கள். அப்போது இலை கொட்டியிருக்கும், தண்டில் சத்து இருக்கும், வெட்டியதைப் போத்தாகவும் பயன்படுத்தலாம். முக்கியமான காரணம் கூடுகள். சித்திரை தொடங்கி ஆவணி புரட்டாசி வரை வேலி முழுக்கக் குடும்பம் நடக்கும். கௌதாரி அடியில் புல்லை ஒதுக்கி முட்டையிடும். கொண்டைக்குருவி இடுப்பு உயரத்தில் கிண்ணம் போலக் கட்டும். தவிட்டுக்குருவி முள் கவட்டையில் நல்ல நீல நிறத்தில் முட்டை வைக்கும். அந்தக் கூட்டில் தன் முட்டையைத் தள்ளிவிட்டுப் போகச் சுடலைக்குயில் சுற்றிக்கொண்டே இருக்கும். மழை விழுந்ததும் செம்போத்து உள்ளே குச்சியைத் திணித்து ஒரு பந்து போலக் கட்டும். இந்த நேரத்தில் ‘சும்மா இருக்கிற ஆளுக்கு வேலை’ என்று வேலியில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாசியிலும் ஒன்றிரண்டு கூடு இருக்கலாம், வெள்ளைத் துணி அதற்குத்தான்.

நான்கு பக்கத்தையும் ஒரே வருடத்தில் வெட்டாதீர்கள். எனக்கு வடக்கு ஒரு வருடம், கிழக்கு அடுத்த வருடம் என்று சுற்று வரும். எப்போது பார்த்தாலும் மூன்று பக்கம் நிறைந்து நிற்கும், வெட்டுப்பட்ட பக்கத்துக் குருவிக்குப் போக்கிடம் இருக்கும். மாமா இந்தக் கணக்கை எங்கேயும் எழுதிவைத்ததில்லை. மொட்டையடித்த வேலியைப் பார்த்தால், “தலைச்சவரம் பண்ணுன வீட்ல யார்றா செத்தது?” என்று கேட்பார். அவ்வளவுதான் அவருடைய பாடம்.

வெட்டும் முறை: நெஞ்சு உயரம், அதற்குக் கீழே போகாதீர்கள். அடி அகலமாகவும் தலை குறுகலாகவும் இருக்கட்டும், வைக்கோல் போரைப் போல. மேலே அகலமாகிவிட்டால் அடிக்கு வெயில் விழாது, அடி காய்ந்து பொத்தலாகும். கொடுவாளைக் கீழிருந்து மேலாக ஓட்டினால் தண்டு பிளக்காது. சாய்வாக வெட்டினால் தண்ணீர் நிற்காது. வேலிக்குள் நிற்கும் வெள்வேல், வேம்பு, ஊஞ்சல் மரங்களை நாற்பது ஐம்பது அடிக்கு ஒன்றாவது தலை வெட்டாமல் விடுங்கள். பனங்காடையும் கரிச்சானும் உட்கார உயரம் வேண்டும்.

போத்து நடுவது

பொத்தலை அடைக்கக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். வெட்டினதிலேயே நல்ல தண்டாகப் பொறுக்குங்கள்: கட்டைவிரல் பருமனுக்குக் குறையாமல், மூன்றடி மூன்றரை அடி நீளம். ரொம்ப இளசு வேண்டாம், வாடிவிடும். அறுத்த அன்றைக்கே நடவும் வேண்டாம். வேப்பமர நிழலில் குறைந்தது ஒரு வாரம் பத்து நாள் நிறுத்திவைத்தால் வெட்டுவாய் காய்ந்து பால் அடங்கும். பச்சை வெட்டோடு ஈர மண்ணில் வைத்தால் அழுகும். கிளுவை பொறுமையான சாதி, அதற்குள் ஒன்றும் ஆகிவிடாது.

நிறுத்திவைக்கும்போதே அடிப்பக்கத்தில் சுண்ணாம்பு தொட்டுவிடுங்கள். சிரிக்காதீர்கள். இலையில்லாத கிளுவைத் தண்டில் தலை எது கால் எது என்று தெரியாது. 2016இல் நான் நட்ட முதல் நூறில் முப்பதுக்கு மேல் தலைகீழாக நின்றன. மாமா வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய், அத்தையிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

சித்திரையில் கோடைமழை ஒன்று விழுந்ததும் நடுங்கள். கடப்பாரையால் ஒன்றரை அடிக் குழி, குழிக்குக் குழி ஒரு சாண். நேராக நட்டால் கம்பிகளை வரிசையாக நிறுத்தினது போல இடைவெளி விழும்; ஒன்றை வலப்பக்கம் சாய்த்து, அடுத்ததை இடப்பக்கம் சாய்த்து, பின்னல் போல நடுங்கள். மண்ணை நன்றாகக் கெட்டிக்க வேண்டும், போத்து ஆடினால் வேர் பிடிக்காது. மேல் நுனியில் ஒரு உருண்டை சாணி அப்பினால் வெயிலில் உலராது. மேல் நுனிக்குச் சற்றுக் கீழே குறுக்கே மூங்கில் தப்பை வைத்துப் பனை நாரால் கட்டிவிடுங்கள். நைலான் கயிறு வேண்டாம், இரண்டு வருடத்தில் தண்டுக்குள் இறங்கி அறுத்துவிடும். குருவிக் காலிலும் சிக்கும்.

தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. காவல்தான் தேவை. துளிர்த்த கிளுவை இலை ஆட்டுக்கு அல்வா மாதிரி. முதல் இரண்டு வருடம் இரண்டு பக்கமும் வெள்வேல முள்ளை வெட்டிக் கவைக்கோலால் நெருக்கி அடைத்துவையுங்கள். இந்தக் காய்ந்த முள்ளடைப்பு இன்னொரு வேலையும் செய்யும். குருவிகள் அதன்மேல் வந்து உட்காரும், எச்சமிடும். அடுத்த மழைக்கு அதன் அடியில் கோவை முளைக்கும், சூரை முளைக்கும், இலந்தை முளைக்கும், சங்கமுள் முளைக்கும். என் தெற்கு வேலியில் இன்று அடி நிறைந்து நிற்பதில் பாதி நான் நட்டதில்லை, கொண்டைக்குருவி நட்டது. காசு கொடுத்து நாற்று வாங்கி ‘பல்லுயிர் வேலி’ போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான், ஆனால் எங்கள் மண்ணுக்கு எது ஒக்கும் என்று கொண்டைக்குருவிக்கு என்னைவிட நன்றாகத் தெரிகிறது.

வேலி ஆட்டை நிறுத்தும் அளவுக்கு அடைய நான்கு வருடம். அதுவரை பழைய கம்பி நின்றால் நிற்கட்டும். கம்பி போட்டு மாட்டிக்கொண்டவர்கள் அதைப் பிரித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டியதில்லை, அதன் உள்பக்கம் ஓரடி தள்ளிப் போத்து நட்டுக்கொண்டே போகலாம். நானும் அதைத்தான் செய்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. எங்கள் மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு போடுகிறவர்கள் அதிகம். அந்தக் கொடி ஏறக் கிளுவைக் குச்சி வேண்டும். ஆடிக்கு முன்னால் ‘வேலியில இருந்து ரெண்டு கட்டு வெட்டிக்கலாமா’ என்று கேட்டு வருவார்கள், நல்ல விலையும் சொல்வார்கள். அது கூடுகள் நிறைந்திருக்கும் நேரம். மாசியில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுவேன்.

கொடியை அறுக்காதீர்கள்

‘வேலியைச் சுத்தம் செய்வது’ என்ற வார்த்தையே எனக்கு இப்போது பிடிப்பதில்லை. சுத்தம் என்றால் கொடியை அறுப்பது. பிரண்டை, கோவை, முடக்கத்தான், முசுமுசுக்கை, தூதுவளை, சீந்தில் எல்லாமே வேலியில்தான் இருக்கின்றன. சளி பிடித்தால் அதே வேலிக்குத்தான் ஓடுகிறோம். வேலிப்பருத்திக்குப் பெயரிலேயே வேலி இருக்கிறது. ஆடுதின்னாப்பாளை என்று ஒரு செடி தரையோடு படர்ந்து கிடக்கும், பெயருக்கேற்ப ஆடு தொடாது. கறுப்பு இறக்கையும் சிவந்த உடம்புமாகப் பறக்கும் பெரிய வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு அந்த இனத்துச் செடிகள்தான் சாப்பாடு. களை என்று நீங்கள் கொத்தினால் அதற்கு வேறு சாப்பாடு கிடையாது. எருக்கும் அப்படித்தான், வெந்தய வரியன் முட்டையிடுவது அதில். வேலியோரம் பத்து எருக்கஞ்செடி நிற்பதால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஒரு கொடி வேலியையே மூடி வெயிலை மறைக்கிறது என்றால் மட்டும் பாதியை இழுத்துவிடுங்கள். கோவை சில வருடம் அப்படிச் செய்யும்.

நான் தயவு பார்க்காமல் எடுப்பது ஒன்றுதான்: சீமைக்கருவேலம். பொத்தல் விழுந்த இடத்தில் முதலில் வந்து உட்காருவது அதுதான். அதன் காயைத் தின்ற ஆடு மாடுகளின் சாணியிலும் புழுக்கையிலும் விதை போய்க் காடெல்லாம் முளைக்கும். முழங்கால் உயரத்தில் இருக்கும்போதே மழை ஈரத்தில் கடப்பாரை போட்டு வேர்க்கழுத்தோடு எடுத்துவிடுங்கள். வெறுமனே வெட்டினால் ஒன்று பத்தாகத் துளிர்க்கும். பெரிதாகி வேலியோடு பின்னிக்கொண்டதைப் பொக்லைன் வைத்து எடுக்காதீர்கள், கூடவே கிளுவையும் போகும். அதை வருடத்துக்குக் கொஞ்சமாக எடுத்து, எடுத்த இடத்தில் அன்றே முள் அடைத்து, சித்திரையில் போத்து நடுங்கள்.

அடியில் ஒரு மூன்றடி

வேலி என்பது நிற்கும் செடி மட்டும் இல்லை, அதன் அடியில் இரண்டு பக்கமும் கிடக்கும் மூன்றடித் தரையும்தான். அங்கே டிராக்டர் கலப்பை போகக் கூடாது. இலைச்சருகு, பட்ட கட்டை, ஓரமாகக் குவித்த கல் எல்லாம் கிடக்கட்டும். அரணை, தேள், பூரான், தேரை என்று அந்தக் கல்குவியலுக்குள்ளேயே ஒரு ஊர் இருக்கிறது. உடும்பு பொந்து போடுவதும் அங்கேதான்.

களைக்கொல்லியை வேலியோரம் அடிக்கவே அடிக்காதீர்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் அடித்தால் என்ன செய்வது? சண்டை போட்டால் வேண்டுமென்றே அடிப்பார். நான் அந்தப் பக்கத்துத் தோட்டத்து மாமாவிடம், “மாமா, காத்தில்லாத விடிகாலைல அடிங்க, மூணு வரிசை எங்க பக்கம் விட்டுருங்க, அத நானே ஆள் விட்டுக் களை எடுத்துத் தர்றேனுங்க” என்று சொன்னேன். வருடத்துக்கு ஒரு நாள் கூலி எனக்குச் செலவு. அவர் வேலி பக்கம் இப்போது டேங்க்கைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை.

தீ இன்னும் மோசம். பங்குனியில் காய்ந்த புல்லுக்கு வைக்கும் தீ கிளுவையை உடனே கொல்லாது. ஆனால் அடியில் இருக்கும் ஆமை வேகத்து உயிரெல்லாம் போய்விடும், தூரும் ஒரு பக்கம் வெந்து அடுத்த வருடம் பொத்தலாகும். வேலியோரத்தில் பீடி நெருப்பு விழும் இட்டேரி (இரண்டு வேலிக்கு நடுவே போகும் வண்டித்தடம்) பக்கத்தில் மட்டும் ஒரு முழ அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி விட்டுவிடுங்கள்.

பாம்பு இருக்கும், ஆமாம்

இதைச் சொல்லாமல் வேலியைப் பற்றிப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள். எங்கள் வேலியில் சாரை உண்டு, நல்ல பாம்பு உண்டு, கண்ணாடி விரியன் உண்டு, காய்ந்த பக்கம் சுருட்டையும் உண்டு. எலியை அவை பார்த்துக்கொள்கின்றன என்பதும் உண்மை, கடித்தால் உயிர் போகும் என்பதும் உண்மை. ஆகவே வேலிக்குள் வெறுங்கையை விடாதீர்கள், கவைக்கோல் அதற்குத்தான். கணுக்கால் மூடிய செருப்பு போடுங்கள். ராத்திரி டார்ச் இல்லாமல் வேலியோரம் நடக்காதீர்கள். விறகையும் சோளத்தட்டையும் வேலியிலேயே சாய்த்து அடுக்குகிறோமே, அதை முதலில் நிறுத்துங்கள். எடுக்கப் போகும்போதுதான் நிறையப் பேர் கடி வாங்குகிறார்கள். கடித்தால் கட்டுப் போடுவது, கீறி ரத்தம் எடுப்பது, பச்சிலை தேடுவது எதுவும் வேண்டாம். கடித்த கையையோ காலையோ ஆட்டாமல் நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சாரைக்கு விஷமில்லை; நான் சொன்ன மற்ற மூன்று விஷப்பாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் சேர்த்து ஒரே மருந்துதான், கடித்தது எது என்று தேடி அடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை.

வலை வைக்கிறவர்கள் வருவார்கள், கௌதாரிக்கும் முயலுக்கும். எங்கள் பக்கம் மார்கழி தையில் ராத்திரி வெளிச்சம் தெரியும். 1972ஆம் வருடத்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி கௌதாரி, முயல், உடும்பு எதையும் பிடிக்கக் கூடாது என்று நான் நேராகவே சொல்லிவிடுவேன். வேலிச் சந்தில் சுருக்குக் கம்பி இருக்கிறதா என்று நடக்கும்போதெல்லாம் பாருங்கள், இருந்தால் கழற்றி எடுத்துவிடுங்கள். பிள்ளைகள் ஓணானைக் கல்லால் அடிப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுப் பையனை நிறுத்த எனக்கு வழி தெரியவில்லை. மாமாதான் அவனுக்கு ஓணான் சிவப்பாக மாறி தண்டால் எடுப்பதைக் காட்டினார். அதற்கப்புறம் அவன் கல்லெடுக்கவில்லை.

மயிலைப் பற்றிக் கேட்பீர்கள். உயிர்வேலி இருந்தால் மயில் முட்டை வைக்கும், சோளத்தைத் தின்னும், அதற்கு என்னிடம் மருந்து இல்லை. முட்டையைத் தின்னும் குள்ளநரி இருந்தவரை மயில் இவ்வளவு பெருகவில்லை என்று ஊரில் பெரியவர்கள் சொல்கிறார்கள். நரி இல்லாமல் போனதற்கு வேலி காரணம் இல்லை, அது மட்டும் எனக்குத் தெரியும்.

பங்காளியும் பஞ்சாயத்தும்

வேலி செத்துப்போவது பெரும்பாலும் பாகப்பிரிவினையில்தான். பொழி, அதாவது எல்லை, இந்தப் பக்கம் ஒரு முழம், அந்தப் பக்கம் ஒரு முழம் என்று தகராறு வந்தால் முதலில் பலியாவது நடுவில் நிற்கும் கிளுவை. சர்வேயரைக் கூப்பிட்டு அளக்கிற அன்றைக்கே இரண்டு தரப்பும் இருக்கும்போது, வேலி நின்ற இடத்தில் நிற்கட்டும், அளவுக்குக் கல் மட்டும் ஊன்றிக்கொள்ளலாம் என்று பேசி ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வேலியின் எந்தப் பக்கத்தை யார் வெட்டுவது என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இட்டேரி விஷயம் வேறு. இரண்டு பக்கமும் உயிர்வேலி, நடுவில் வண்டித்தடம், மேலே கிளை கவிந்து குகை மாதிரி இருக்கும் பாதை. கொங்கு நாட்டில் வளர்ந்தவர்களுக்கு அதன் நிழல் தெரியும். நிறைய இட்டேரிகள் வண்டிப்பாதைப் புறம்போக்கு. கிராம நிர்வாக அலுவலகத்தில் ‘அ’ பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்த்தால் அது பாதையா, யாருடைய பட்டாவா என்று தெரிந்துவிடும். பாதை என்றால் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபையில் எழுந்து நின்று, தடத்தை மட்டும் சீர் செய்யுங்கள், வேலியைத் தொடாதீர்கள் என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை வைத்து ஒரு தடவை இட்டேரியை இரண்டு பக்கமும் மொட்டையடித்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன, புதர் அகற்றும் வேலை என்றுதான் தாளில் இருந்தது. அடுத்த கிராம சபையில் நானும் இன்னும் நான்கு பெண்களும் போய், வேலியை விட்டுவிட்டு சீமைக்கருவேலத்தை மட்டும் எடுங்கள் என்று கேட்டோம். எழுதிக்கொண்டார்கள். எல்லா வருடமும் அதன்படி நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். மாசி பிறந்ததும் ஒரு நடை போய் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

தெற்கு வேலியில் இப்போது 400 அடியில் 310 அடி அடைந்துவிட்டது. மீதி 90 அடி ஒரே சுக்கான்பாறை, கடப்பாரை தெறிக்கிறது. அங்கே மட்டும் குழிக்கு அரைக் கூடை செம்மண் போட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். கம்பி இன்னும் உள்ளே ஓடுகிறது, கிளுவை அதைச் சுற்றிப் பருத்துவிட்டது, இனி அதை எடுக்கவும் முடியாது. போன ஆனியில் ஏழாவது கல்காலுக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி கட்ட வேண்டி வந்தது, உள்ளே மூன்று நீல முட்டைகள். மாமா அதைப் பார்க்க இல்லை.

வருகிற மாசியில் மேற்குப் பக்கம் வெட்டு. போத்து வேண்டுமென்கிறவர்கள் ஆளோடு வாருங்கள், கொடுவாளும் சுண்ணாம்பும் நான் வைத்திருக்கிறேன்.